மணத்தை அறிந்த பயிர்க்காப்பு

தாவரங்களை உண்ணும் பூச்சிகள் உணர்கொம்புகளிலுள்ள மணவாங்கிகளால், அதாவது காற்றில் மிதந்துவரும் வேதிப்பொருள்களை உணரும் நரம்புச் செல்களால், தமக்குரிய செடியைக் கண்டறிகின்றன. பல வேளைகளில் அவை தேடுவது ஒரு தனிப்பொருளை அன்று, பல ஆவிப்பொருள்கள் உரிய விகிதத்தில் சேர்ந்த கலவையையே. ஃபாபா பீன்ஸ் செடியைத் தாக்கும் கருப்பு அசுவினி, அச்செடியின் மணக்கலவையை நாடிச் சென்றாலும், அதே கலவையின் கூறுகள் பலவற்றைத் தனித்தனியே முகரும்போது விலகிச் செல்வதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கென்யாவில் உருவான ‘தள்ளி இழுக்கும் முறை’ பூச்சிகளின் இந்த மண உணர்வையே உழவனுக்குத் துணையாக்குகிறது: மக்காச்சோளத்தின் ஊடே வளர்க்கப்படும் மொலாசஸ் புல்லின் மணம் தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விரட்டுவதோடு, அதன் புழுக்களை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியையும் வரவழைக்கிறது, வயலோரத்து நேப்பியர் புல்லோ அந்துப்பூச்சியை ஈர்த்து முட்டையிடச் செய்தாலும், அதில் பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. பகையையும் நட்பையும் ஒருசேர அழிக்கும் நஞ்சைத் தெளிப்பதற்கு முன்னர், பயிருக்கும் பூச்சிக்கும் இடையே நிகழும் இந்த மணப்பரிமாற்றத்தைக் கற்று, அதை வயலின் அமைப்பிலேயே பயன்படுத்துவதே அறிவார்ந்த பயிர்க்காப்பு. வேளாண் ஆராய்ச்சியும் விரிவாக்கப் பணியும் இதற்கு முதலிடம் தர வேண்டும்.