பகைவரின் அறிவும் நமது அறமும்

நுழையும்முன்

போர் முடிந்தபின் வென்றவர்கள் தோற்றவர்களின் நிலத்தையும் பொருளையும் கைக்கொள்வர். சில வேளைகளில் அவர்களுடைய அறிஞர்களையும் அழைத்துக்கொள்வர். அந்த அறிவு புதிய நாட்டுக்குப் பயன்படுகிறது. ஆனால், போர்க்காலத்தில் அவர்கள் செய்த செயல்களுக்கு யார் விடை சொல்வது? நம் தென்மாவட்ட வரலாற்றிலிருந்து தொடங்கி இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

குளச்சலில் தோற்றவர்

பகைவரின் வல்லுநரைப் பணியில் அமர்த்துவது நமக்குப் புதிய செய்தியன்று. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் டச்சுப் படையை வென்றார். சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். ஐரோப்பிய முறையில் படையணிகள் அமைந்தன, கோட்டைகள் வலுப்பெற்றன, உதயகிரிக் கோட்டையில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. தோற்று வந்தவர் படைத்தலைவராக உயர்ந்து, 1777ஆம் ஆண்டு இந்த மண்ணிலேயே மறைந்தார்.

இதில் அறச்சிக்கல் மிகுதியாக இல்லை. அவர் களத்தில் நேருக்கு நேர் நின்று போரிட்டவர். பகைமை களத்தோடு முடிந்தது. அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்பதை யாரும் மறைக்கவில்லை. பகைவரையும் மதிக்கும் பெருந்தன்மை, அரசியல் அறிவு ஆகிய இரண்டும் அம்மன்னரின் முடிவில் கலந்திருந்தன. எனவே, பகைநாட்டவர் என்னும் ஒரே காரணத்துக்காக ஒருவரின் அறிவை ஒதுக்குவது முறையன்று என்பது இந்நிகழ்வு தரும் முதற்பாடம்.

தெரியுமா?
உதயகிரிக் கோட்டை கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில் உள்ளது. கோட்டைக்குள் இருக்கும் டி லனாயின் கல்லறையில் இலத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் கல்வெட்டு உண்டு.

சுரங்கத்தில் மறைந்த உயிர்கள்

இரண்டாம் உலகப்போரின் முடிவில் எழுந்த வினா இத்தனை எளிதாக இல்லை. செருமனியின் பீனமுண்டேயில் வெர்னர் வான் பிரவுன் தலைமையில் உருவான வி-2 ஏவுகணை, அக்காலத்தின் மிக உயர்ந்த பொறியியல் படைப்பு. அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்த இடமோ மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள். ஏறத்தாழ 60,000 பேர் அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர்; அவர்களுள் சுமார் 20,000 பேர் பசியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் இறந்தனர். அந்த ஏவுகணை தாக்கி இறந்தவர்களைவிட, அதனைச் செய்யும்போது இறந்தவர்களே மிகுதி என்பர் வரலாற்றாய்வாளர்.

போர் முடிந்ததும் அமெரிக்கா 'பேப்பர்கிளிப்' என்னும் திட்டத்தின்கீழ் 1,600க்கும் மேற்பட்ட செருமானிய வல்லுநர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துச் சென்றது. 1946 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே நடவடிக்கையில் கொண்டுசென்றது. தீவிர நாஜிகளைச் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கக் குடியரசுத்தலைவர் ட்ரூமன் விதித்திருந்தார். ஆயினும், சிலருடைய கடந்தகாலத்தைக் காட்டும் ஆவணங்கள் அவர்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதப்பட்டன. சுரங்கத் தொழிற்சாலையில் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட் திட்டத்துக்குப் பொறுப்பேற்றார். 1984ஆம் ஆண்டில்தான், விசாரணையைத் தவிர்ப்பதற்காகக் குடியுரிமையைத் துறந்து அவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினார்.

இதனினும் கொடிது சீனத்தில் ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவு செய்தது. உயிருள்ள மனிதர்கள்மீது நோய்க்கிருமிகளைச் செலுத்தி ஆய்வு நடத்திய ஷிரோ இஷியும் அவருடன் இருந்தவர்களும், ஆய்வுத் தரவுகளை ஒப்படைத்ததற்கு ஈடாக அமெரிக்காவிடமிருந்து வழக்கு விலக்குப் பெற்றனர். இங்கே விலைபேசப்பட்டது அறிவு மட்டுமன்று. இறந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நீதியும் விலைபேசப்பட்டது.

குரோம்பேட்டையில் இருவர்

இவ்வினா சென்னையையும் வந்தடைந்தது. குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், தம் ஆசிரியர்களைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். அவர்களுள் ஒருவர் ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர். அவர் நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டிருந்தவர். அதே நிறுவனத்தில் இருந்த மற்றொருவர் கர்ட் டாங்க். செருமானிய வான்படையின் புகழ்பெற்ற எஃப்.டபிள்யூ.-190 போர் விமானத்தை வடிவமைத்தவர் இவர். அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் இந்தியா வந்தவர். பெங்களூரு இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் இவர் தலைமையில் உருவான மாருத் போர் விமானம் 1961 சூன் 17ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது.

வதைபட்டவரும், வதைத்த அரசுக்கு விமானம் செய்தவரும் ஒரே வளாகத்தில் பாடம் சொன்னார்கள்! ஸ்பாண்டருக்குச் செருமானியர்மீது கசப்பு இருந்ததைக் கலாம் மறைக்கவில்லை; அக்கசப்புக்கிடையிலும் அவர் தம் பணியின் தரத்தைத் தாழவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறார். புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவுக்கு விமானம் வடிவமைக்கும் வல்லுநர் தேவைப்பட்டனர். அத்தேவை உண்மையானது, அதனைக் குறைகூற இயலாது. ஆயினும், நாட்டின் தேவை ஒருவரை வரவேற்கும்போது, அவருக்கு அருகில் நிற்கும் மற்றவரின் காயத்தையும் அது எண்ணிப்பார்க்க வேண்டும்.

மகேந்திரகிரி வரை

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், காவல்கிணற்றுக்கு அருகே, மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம் இயங்குகிறது. விகாஸ் எந்திரங்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. 2023 சூலை 14இல் சந்திரயான்-3 விண்கலத்தைச் சுமந்துசென்ற ராக்கெட்டிலும் இவ்வகை எந்திரங்கள் இரண்டு இருந்தன. விகாஸ், பிரான்சின் வைகிங் எந்திரத் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்தது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நம்பி நாராயணன் உள்ளிட்ட இந்தியப் பொறியாளர்கள் பிரான்சின் வெர்னான் நகரில் உழைத்து அதனைக் கற்றனர். அந்த வைகிங் எந்திரத்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றியவர் கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர். அவர் பீனமுண்டேயில் பணியாற்றி, போருக்குப்பின் பிரான்சுக்கு அழைத்துவரப்பட்ட செருமானியப் பொறியாளர்களுள் ஒருவர்.

விகாஸ், வி-2 எந்திரத்தின் படியன்று. எரிபொருளும் வடிவமும் வேறு. நம் பொறியாளர் பல்லாண்டு உழைத்துத் தமதாக்கிக்கொண்ட எந்திரம் அது. எனினும், அறிவு நடந்துவந்த வழியில் பீனமுண்டேயும் ஓர் ஊராக நிற்கிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என எவையெவை தாமிரபரணியில் வந்து கலக்கின்றன என்பதை ஆற்றங்கரை உழவர் அறிவர். நாம் பயன்கொள்ளும் அறிவில் எவை கலந்துள்ளன என்பதையும் நாம் அவ்வாறே அறிந்திருத்தல் வேண்டும்.

என்ன செய்திருக்க வேண்டும்?

"நாம் அழைக்காவிட்டால் நம் எதிரி அழைத்துக்கொள்வான்" என்பது அரசுகள் கூறும் முதற்காரணம். இது ஒருவரைப் பணியில் அமர்த்துவதற்குக் காரணமாகலாம். அவருடைய குற்றத்தை மறைப்பதற்குக் காரணமாகாது. "அறிவுக்குக் குற்றமில்லை" என்பது இரண்டாவது காரணம். உண்மையே, ஆனால், அறிவை உடைய மனிதர் குற்றம் செய்யக்கூடும். சுரங்கத்தில் கைதிகள் மடிவதைக் கண்டும் உற்பத்திக் கணக்கை உயர்த்தியவரை, சமன்பாடுகளின் பின்னால் ஒளித்துவைக்க இயலாது.

ஆகவே, மூன்று வரையறைகள் தேவை. முதலாவது, ஒருவரை அவர் பிறந்த நாட்டைக் கொண்டு அன்றி, அவர் செய்த செயலைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இல்லையெனில், குற்றமற்ற செருமானியரும் பழி சுமப்பர். இரண்டாவது, கொடுமையில் பங்கு இருந்ததா என்பதை முறையான விசாரணை முடிவு செய்ய வேண்டும். திறமை, தண்டனைக்கு மாற்றாகக் கூடாது. மூன்றாவது, ஆவணங்களைத் திருத்தக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களின் வரலாறும் சாதனையின் வரலாற்றோடு சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும்.

இவ்வரையறைகளால் சில வல்லுநர்களை ஒரு நாடு இழக்க நேரலாம். சில திட்டங்கள் தாமதமாகலாம். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். குற்றவாளி தப்பினால், அடுத்த போரில் கொடுமைக்குத் துணைபோகும் அறிவாளிக்கு, 'வென்றவருக்கு நான் தேவைப்படுவேன். எனக்கு ஒன்றும் நேராது' என்னும் துணிவு பிறக்கும். அத்துணிவுக்கு இடம் கொடாதிருப்பதே, டோராவின் சுரங்கத்தில் பெயர் தெரியாமல் மடிந்தவர்களுக்கு அரசுகள் செய்யக்கூடிய குறைந்த அளவு கடமையாகும். நாளை ஆய்வகங்களுக்குள் நுழையவிருக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. 'இதனை எப்படிச் செய்வது?' என்று கேட்கும்போதே, 'இதனை யார் வருந்தச் செய்கிறோம்?' என்றும் கேட்கப் பழகுங்கள்.

கற்பவை கற்றபின்...

1. 'திறமை, குற்றத்துக்கு ஈடாகாது' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. பேராசிரியர் ஸ்பாண்டரின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், உடன் பணியாற்றும் செருமானியரை எவ்வாறு எதிர்கொண்டிருப்பீர்கள்? ஒரு பக்க அளவில் எழுதுக.