வீடு மாறினால் சட்டி பானையும் வரவேணும்

கப்பல்துறையில் எங்களில் பலருக்குக் கணினி இல்லை, போன்தான் எல்லாம். போன கிழமை ஒரு சமூக ஊடகச் செயலிக்குள் வந்த லிங்கைத் தொட்டு, லாகின் பண்ணி, வேலை விண்ணப்பத்தில் பாதியை நிரப்பிவிட்டோம். சான்றிதழை ஏற்றும் இடத்தில் அது அசையவில்லை. "பிரவுசரில் திற" என்பதை அழுத்தினால் முதல் பக்கம் வந்து நிற்கிறது. திரும்ப லாகின், திரும்பப் பெயர், திரும்ப முகவரி. இது எங்கட பிழையா?

இல்லை. செயலிக்குள் திறக்கும் பிரவுசர் வேறு, போனில் இருக்கும் குரோமோ பயர்பொக்ஸோ வேறு. ஒவ்வொன்றும் தன் குக்கீகளைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கும். நாங்கள் லாகின் பண்ணியதற்கு அடையாளம் அந்தக் குக்கீதான். அதைக் களவெடுத்தவன் கடவுச்சொல் தெரியாமலே எங்கட கணக்குக்குள் நுழையலாம். அதனால்தான் 2024 இல் விண்டோஸ் குரோமில் குக்கீக்குக் கூடுதல் பூட்டுப் போட்டார்கள். சரி, சாவியைப் பத்திரமாக வைக்கட்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

ஆனால் சாவியைச் சாட்டிச் சட்டி பானையையும் தர மறுப்பது என்ன நியாயம்? ஒரே நிறுவனத்தின் பிரவுசர் என்றால் திறந்திருந்த டேப்கள் போனிலிருந்து கணினிக்கு ஓடி வரும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் பெரும்பாலும் புக்மார்க்கும் கடவுச்சொல்லும்தான் வரும். பாதியில் நின்ற வேலை அங்கேயே கிடக்கும்.

தொழில்நுட்பத்தால் ஏலாது எண்டு மட்டும் சொல்லாதீங்க. 2024 தொடக்கத்தில், குரோமில் திறந்திருந்த டேப்கள் தாங்கள் கேட்காமலே மைக்ரோசொப்ட் எட்ஜுக்குள் வந்து நிற்பதாகப் பயனர்கள் முறையிட்டார்கள். பெப்ரவரியில் நிறுவனம் அதைத் திருத்தியது. ஆள் பிடிக்க ஏலுமெண்டால், நாங்கள் கேட்கும்போது மட்டும் ஏன் ஏலாது?

இந்தியாவில் 2011 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே சிம் நிறுவனத்தை மாற்றலாம். ஐரோப்பாவில் 2018 முதல் தன் தரவைக் கையோடு கொண்டுபோவது சட்ட உரிமை. எங்கட நாட்டின் 2022 ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பார்வையிட, திருத்த, அழிக்க உரிமை எழுதியிருக்கு. கொண்டுபோகும் உரிமை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். படிவம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் பாதி நிரப்பியதைத் தன் பக்கத்திலேயே சேமிக்க வேணும் எண்டும் கேட்போம். அப்படிச் செய்தால் எந்தப் பிரவுசரில் லாகின் பண்ணினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், சாவியைக் கைமாற்றவும் தேவையில்லை.

அதுவரை ஒன்று செய்யுங்கோ. செயலிக்குள் படிவம் நிரப்பாதீங்க. லிங்கை முதலில் பிரவுசருக்குக் கொண்டுபோங்கோ, பிறகு எழுதத் தொடங்குங்கோ. டேட்டாவுக்குக் காசு கட்டுவது நாங்கள்தானே.