சைக்கிள் கிராங்க்: 5 மி.மீ. வித்தியாசம் காலுக்குத் தெரியுமா?

2024-ல் டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா, உலக சாம்பியன்ஷிப் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார் ஸ்லோவேனியா வீரர் டாடேய் போகச்சார். அந்த ஆண்டில் அவருடைய சைக்கிளில் இருந்த ஒரு மாற்றம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முன்பு 172.5 மி.மீ. கிராங்க் வைத்து ஓட்டியவர், 165 மி.மீ. கிராங்குக்கு மாறியிருந்தார். குறைந்தது வெறும் 7.5 மி.மீ. ஒரு விரல் அகலம்கூட இல்லை.

அதிலிருந்து கியர் சைக்கிள் ஓட்டுபவர்கள் மத்தியில் கிராங்க் பேச்சு சூடுபிடித்துவிட்டது. “சின்ன கிராங்க் போட்டா முட்டி வலி போயிடும்” என்கிறார் ஒருவர். “பெரிய கிராங்க் போட்டாத்தான் மேடு ஏறும்” என்கிறார் இன்னொருவர். கம்பம் பள்ளத்தாக்கில் இது வெறும் பேச்சு அல்ல. உத்தமபாளையத்திலிருந்து ஒரு பக்கம் குமுளி மலைச்சாலை, இன்னொரு பக்கம் போடிமெட்டு, சின்னமனூர் வழியாகப் போனால் மேகமலை. மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிப்பவருக்குச் செலவு சில ஆயிரம் ரூபாய். அந்தச் செலவுக்குப் பலன் உண்டா?

கிராங்க் என்பது எது?

பெடலையும் சைக்கிளின் நடு அச்சையும் இணைக்கிற இரும்பு அல்லது அலுமினியக் கைதான் கிராங்க். நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை உள்ள தூரமே அதன் நீளம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள்களில் இது பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. வரை இருக்கும். பந்தய சைக்கிள்களில் 2.5 மி.மீ. இடைவெளியில் பல அளவுகள் கிடைக்கின்றன. சிறுவர் சைக்கிள்களில் 152, 140 மி.மீ. எனக் குறையும். பல கிராங்குகளில் பெடல் மாட்டும் இடத்தின் உட்பக்கத்தில் அளவு பொறித்திருக்கும். இல்லையென்றால் ஸ்கேலால் அளந்துவிடலாம்.

நீளம் கூடினால் மிதிப்பது சுலபமா?

கல்லைப் பெயர்க்கும் கடப்பாரையை நினைத்துக்கொண்டால் போதும். நீளக் கடப்பாரைக்குக் குறைந்த பலம் போதும், ஆனால் கை அதிக தூரம் நகர வேண்டும். கிராங்கும் அப்படித்தான். 165-லிருந்து 170-க்கு மாறினால், மிதிக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். அதே சமயம் ஒரு சுற்றுக்குக் கால் நகரும் தூரம் 31 மி.மீ. கூடும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்கிற கணக்கு. மொத்த உழைப்பு மாறுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்னால் 44 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் உள்ள சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பின்னால் 18-க்குப் பதில் 20 பல் ஃப்ரீவீல் போட்டால், மிதிக்கும் அழுத்தம் 10 சதவீதம் குறைகிறது. பதிலுக்குக் கால் சற்று வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். மேடு ஏற வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், 5 மி.மீ. கிராங்கைவிட இரண்டு பல் ஃப்ரீவீல் மூன்று மடங்குக்கு மேல் வேலை செய்கிறது. கியர் சைக்கிளில் அந்தச் செலவும் இல்லை. ஒரு கியர் மாற்றினால் முடிந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் மார்ட்டின், வனீன் ஸ்பிர்டுசோ இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பயிற்சி பெற்ற 16 சைக்கிள் வீரர்கள் 120, 145, 170, 195, 220 மி.மீ. என ஐந்து அளவு கிராங்குகளில் சில விநாடிகள் முழு மூச்சாக மிதித்தார்கள். இரு கோடி அளவுகளுக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி. இருந்தும், அதிகபட்ச சக்தியில் கிடைத்த வேறுபாடு சுமார் 4 சதவீதம்தான். 145-க்கும் 170-க்கும் 195-க்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

மார்ட்டினும் பங்கேற்ற அடுத்த ஆய்வு 2002-ல் வெளியானது. நிதானமாக மிதிக்கும்போது உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று அதில் பார்த்தார்கள். 145, 170, 195 மி.மீ. மூன்றிலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றே. 50 மி.மீ. மாறியும் அசையாத கணக்கு, 2.5 அல்லது 5 மி.மீ. மாற்றத்தில் அசையும் என எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் போகச்சார் ஏன் மாற்றினார்?

சக்திக்காக அல்ல, உட்காரும் விதத்துக்காக. பந்தய வீரர்கள் காற்றைக் கிழிக்க முதுகை வளைத்துத் தாழ்வாகக் குனிந்து ஓட்டுகிறார்கள். பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை நெருக்கும், முட்டி அதிகமாக மடங்கும். கிராங்க் 5 மி.மீ. குறைந்தால், மேல் முனையில் பெடல் 5 மி.மீ. தாழ்கிறது. கீழ் முனையில் கால் எட்டுவதற்காக சீட்டையும் 5 மி.மீ. உயர்த்த வேண்டும். ஆக, முட்டி மடங்கும் இடத்தில் 10 மி.மீ. இடம் கிடைக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம். நிமிர்ந்து உட்கார்ந்து பால் கேனோ புல்லுக்கட்டோ கொண்டுபோகிறவருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

எல்லாக் காலுக்கும் ஒரே அளவா?

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் முதலில் பட்டியலின, பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவ, மாணவியருக்கு விரிந்தது. கோம்பை, ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் வீடுகளில் நிற்கும் சைக்கிள்களில் பலவும் இந்தத் திட்டத்தில் வந்தவையே. மாணவர்களுக்கு ஒரு மாடல், மாணவிகளுக்கு ஒரு மாடல் உண்டு. ஆனால் உயரத்தைப் பார்த்து அளவு தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது.

அதே வகுப்பில் 145 செ.மீ. உயரமுள்ள மாணவியும் இருப்பார், 175 செ.மீ. உயரமுள்ள மாணவரும் இருப்பார். இருவரும் 170 மி.மீ. கிராங்க் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். உடல் விகிதப்படி பார்த்தால், அந்த மாணவி மிதிப்பது உயரமான மாணவர் 205 மி.மீ. கிராங்க் மிதிப்பதற்குச் சமம். அவ்வளவு நீளக் கிராங்கை எந்தக் கடையிலும் யாரும் அவருக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். இங்கே வித்தியாசம் 2.5 மி.மீ. அல்ல, 35 மி.மீ.

சக்தி அளவில் இதுகூடப் பெரிய இழப்பாக இருக்காது என்று மேற்கண்ட ஆய்வுகளை வைத்துச் சொல்லலாம். ஆனால் அவை பயிற்சி பெற்ற வீரர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. முட்டிக்கு ஏற்படும் சிரமத்தை அளப்பது அவற்றின் நோக்கமே அல்ல. 10 கி.மீ. பயணத்தில் ஒவ்வொரு முட்டியும் சுமார் 1,800 முறை மடங்கி நீள்கிறது. தேவைக்கு மேல் மடங்கும் முட்டி, தினமும் அத்தனை முறை அந்தச் சிரமத்தைத் தாங்க வேண்டும்.

சீட்டை முழுக்க இறக்கியும் கீழ்ப் பெடலுக்குக் கால் எட்டாமல், இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மிதிப்பவர்களுக்குக் குட்டைக் கிராங்க் கண்கூடான பலன் தரும். 170-க்குப் பதில் 150 மி.மீ. இருந்தால், கீழ்ப் பெடல் 20 மி.மீ. மேலே வரும், மேல் பெடல் 20 மி.மீ. தாழும். லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கும்போது, மொத்தத்தில் ஒரு பகுதியைச் சிறிய ஃபிரேம், குட்டைக் கிராங்குடன் கேட்டு வாங்குவது தொழில்நுட்ப அளவில் சிரமமானது அல்ல. ஒரே அளவில் செய்வதும் பிரித்துக் கொடுப்பதும் சுலபம் என்பதுதான் இப்போதைய முறைக்குப் பலம். அந்தச் சுலபத்தின் விலையை உயரம் குறைந்த பிள்ளைகளின் கால்கள் கொடுக்கின்றன.

கிராங்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் சீட் உயரம். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடிமட்டம் வரை இறக்கி ஓட்டுவது இங்கே சகஜம். சரியான உயரத்தைவிட 4 செ.மீ. இறக்கினாலே, அது 5 மி.மீ. கிராங்க் மாற்றத்தைப் போல எட்டு மடங்கு. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும். புதிதாக ஓட்டப் பழகுபவர்கள் கொஞ்சம் தாழ்வாக வைத்துத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.

அடுத்தது காற்று, இரண்டு வகையில். டயரில் காற்று குறைந்தால் ஒவ்வொரு மிதியும் வீணாகும். எதிர்க்காற்றுக்கு மருந்து கியர் அல்லது ஃப்ரீவீல்தான். தமிழகத்தில் காற்றாலைகளுக்கு ஏற்ற கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. ஆடி மாதக் காற்றுக்கு எதிரே மிதிப்பவருக்கு 5 மி.மீ. கிராங்க் எந்த வகையிலும் கைகொடுக்காது.

மூன்றாவது, கிராங்க் ஆடுகிறதா என்பது. காட்டர் பின் தேய்ந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், நீளத்தைப் பற்றி யோசிக்கும் முன் அந்தப் பின்னை மாற்ற வேண்டும்.

யார் மாற்றலாம்?

சராசரி உயரம், வலி எதுவும் இல்லை, தினசரி ஓட்டம் என்றால் 165-க்கும் 170-க்கும் நடுவே காசு செலவழிக்க வேண்டியதில்லை. உயரம் மிகக் குறைந்தவர்கள், பெடல் மேலே வரும்போது முட்டியோ இடுப்போ இறுக்கமாக இருக்கிறது என்பவர்கள், குமுளி மலைச்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் 2.5 மி.மீ. மாற்றுவதில் அர்த்தமில்லை. 5 முதல் 10 மி.மீ. வரை குறைத்து, அதே அளவுக்குச் சீட்டை உயர்த்தி, சில வாரம் ஓட்டிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். தொடர்ந்து வலி இருந்தால் பார்க்க வேண்டியது டாக்டரை, சைக்கிள் கடையை அல்ல.

பள்ளிகளில் சைக்கிள் கொடுக்கும் நாளில் ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் சீட்டைச் சரிசெய்து அனுப்பலாம். அதற்குப் புதிய அரசாணையோ கூடுதல் நிதியோ தேவையில்லை. கால் எட்டாத பிள்ளைகள் யார் என்பதும் அந்த அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.