எண்ணினால் மட்டும் போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி, மனிதர்களுக்குப் பொருந்துமா? பொருந்தாது, ஆயிரம் பேரையாவது எண்ண வேண்டும் என்கிறார் புள்ளி விவரக்காரர். எண்ணி என்ன பயன், ஒரு குடும்பத்தின் கதையை முழுக்கக் கேட்டால்தான் உண்மை விளங்கும் என்கிறார் மற்றவர். இந்தச் சண்டையே வீண் என்பது என் அபிப்பிராயம்.

ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்று ஓர் ஊர். 478 குடும்பங்கள். ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பிப் பிழைத்தது. 1929-30-ல் ஆலையை மூடிவிட்டார்கள். மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் 1931-ன் இறுதியில் அங்கே ஆராய்ச்சி தொடங்கினார்கள். 1933-ல் அது புத்தகமாக வந்தது.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். வேலை இல்லை, பொழுதோ நிறைய இருக்கிறது. ஊர் நூல்நிலையத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். படிப்பு பெருகியிருக்க வேண்டுமல்லவா? இல்லை! 1929-லிருந்து 1931-க்குள் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. எத்தனை என்று கணக்கு சொல்லிவிட்டது. ஏன் என்று சொல்லவில்லை.

அதற்கு வீடுகளுக்குள் போக வேண்டியிருந்தது. பழைய துணிமணிகள் சேகரித்துக் கொடுக்கும் சாக்கில் போனார்கள். வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார்கள். மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். காலை முதல் மதியம் வரை என்ன செய்தோம் என்று ஆண்களால் சொல்ல முடியவில்லை! பெண்களுக்கோ வீட்டு வேலை கொஞ்சமும் குறையவில்லை.

இது வெறும் பேச்சா? ஜன்னல் மறைவில் கடிகாரத்துடன் நின்று, தெருவில் போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்கள் அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். பெண்களின் வேகம் ஆண்களைப் போல் ஒன்றரை மடங்கு! கேட்ட கதைக்கு அளந்த கணக்கு சாட்சி சொல்லிற்று. ஆலையோடு கூலி மட்டும் போகவில்லை. பொழுதுக்கு இருந்த ஒழுங்கும் போய்விட்டது.

எண்ணியதோடு நின்றிருந்தால், 'படிக்காத சோம்பேறிகள்' என்று பழி சுமத்தியிருப்போம். கதை கேட்டதோடு நின்றிருந்தால், 'யாரோ நாலு பேரின் புலம்பல்' என்று தள்ளியிருப்போம்.

ஆகவே, முன்பாதியில் எண்களும் பின்பாதியில் கதைகளுமாக எண்ணெயும் தண்ணீரும் போல் வைத்தால் போதாது. ஒன்று மற்றதைக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், பிடிக்காததைத் தூக்கி எறியக் கூடாது. அங்கேதான் விஷயம் ஒளிந்திருக்கிறது. திட்டம் தீட்டுகிறவர்கள் இதை மறந்தால், நஷ்டம் ஏழைகளுக்குத்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர், கட்டத்தில் குறி போட்டுவிட்டு எழுந்தால், ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். "ஐயா, ஏன் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லுங்கள்!