டெண்டரும் தலையெழுத்தும்

ரோடு போடுவதும், பள்ளிக்கூடத்திற்குப் பெஞ்சு வாங்குவதும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவதும் யாருக்குக் கிடைக்கிறதென்று சிறு காண்டிராக்டர்களைக் கேட்டால், "எல்லாம் முன்னமே முடிவான காரியம், நம் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று துண்டை உதறிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

தோழர்களே! இந்தத் தலையெழுத்தை எழுதியது யார்? ஆபீசில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதன்தானே? மனிதன் எழுதியதை மனிதன் கேள்வி கேட்க முடியாதா?

கேட்க முடியும் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. பம்பாய் விமான நிலையத்தில் ஓட்டலும் சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் கேட்டார்கள். 5 வருஷ அனுபவமுள்ள இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராயிருக்க வேண்டுமென்று நிபந்தனை போட்டவர்களே, அந்த யோக்கியதை இல்லாதவருக்கு அதைக் கொடுத்தார்கள். தான் போட்ட நிபந்தனையைச் சர்க்கார் ஸ்தாபனம் தானே மீறக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1979-ல் சொல்லிற்று. ஆனால் வழக்குப் போட்டவருக்குப் பரிகாரம் கிடைத்ததா? இல்லை! அவர் டெண்டர் போட்டவருமல்ல, காலங்கடந்து வந்தார், அதற்குள் எடுத்தவர் பணம் செலவழித்துவிட்டார் என்று தள்ளிவிட்டார்கள். நியாயம் ஜெயித்தது, தாமதம் தோற்றது.

நமது ராஜ்யத்தில் 1998-ல் டெண்டர் வெளிப்படைச் சட்டம் வந்தது. 2000-ல் விதிகள் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் குறைந்தபட்ச அவகாசம் தரவேண்டும் என்பது விதி. எதை வைத்து எடைபோடுவது என்பதை டெண்டர் பத்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிவு தவறென்றால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்யலாம்.

இந்தப் 10 நாளில் நம்மவர் செய்வதென்ன? பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் சிபார்சுக்குக் காத்திருக்கிறார். 11-ஆம் நாள் வக்கீலைத் தேடுகிறார். பெரிய கம்பெனிக்காரனோ டெண்டர் போடும்போதே வக்கீலைப் பக்கத்தில் வைத்திருக்கிறான். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அதைப் படித்துச் சொல்ல ஆள் இருப்பது ஒருவனுக்கு மட்டுமே.

அதிகாரிகளுக்கும் இந்த உதவி வேண்டாமா? வேண்டும். நாணயமான பஞ்சாயத்து அதிகாரியும் நிபந்தனையைக் குழப்பமாக எழுதிவிட்டால், கோர்ட்டில் தடையுத்தரவு வரும், ரோடு நிற்கும், மழைக்காலத்தில் சேற்றில் நடப்பது ஊர் ஜனங்கள். 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி, கோர்ட்டு பார்ப்பது முடிவுக்கு வந்த வழியையே. ஆகவே காரணத்தைக் காகிதத்தில் எழுதி வைக்கும் அதிகாரி பயப்பட வேண்டியதில்லை. காதோடு பேசி முடிப்பவரே பயப்பட வேண்டும்.

பெண்களுக்கும், ஆதிதிராவிடருக்கும், பழங்குடியினருக்கும் வழக்கு நடத்த 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச உதவி உண்டு. அது போதாது. டெண்டர் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் உதவியே, வழக்கு வருமுன், ஜில்லா தோறும் சிறு வியாபாரிக்கும் சிறு பஞ்சாயத்துக்கும் கிடைக்கவேண்டும். செலவாகும் பணம் தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் கொடுத்த வரிப்பணமல்லவா?

அதுவரை, டெண்டர் போடுகிறவர்கள் விதியை நொந்துகொள்வதை விட்டு, விதிகளைப் படிப்பார்களாக! நாளையும் எண்ணுவார்களாக!