வரவேற்பறையில் ஒரு தரப்படுத்தல்

கோடை வந்து அபிட்டூர் பெறுபேறுகள் கைக்குக் கிடைத்ததும், கார்ல்ஸ்ரூஹே நகரின் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான் ஒலிக்கிறது: "மருத்துவமா, பொறியியலா?" பிள்ளைக்கு எது விருப்பம் என்ற கேள்வியைக் கேட்கப் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர். "அவையின்ர பிள்ளை டொக்டருக்குப் படிக்குது" என்ற ஒற்றை வசனம் பதினெட்டு வயது இளைஞரின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்தப் பிடிவாதத்தின் வேர் தாயகத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு புகுத்திய தரப்படுத்தல், மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குள் நுழையத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளிகளைக் கோரியது. தகுதி இருந்தும் கதவு அடைபட்டது. பின்னர் போர் துரத்த யேர்மனிக்கு வந்தோர் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் முதுகொடிய உழைத்தனர். பறிபோன கனவைப் பிள்ளைகளின் வழியாக மீட்க அவர்கள் துடிப்பது மனித இயல்பே. ஆனால், தெரிவு செய்யும் உரிமையை இழந்ததன் வலியை அறிந்தவர்களே அதே உரிமையைத் தம் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது எந்த வகையில் நியாயம்?

தரப்படுத்தல் தலைதூக்கிய அதே காலத்தில், 1972 யூலை 18 அன்று, கார்ல்ஸ்ரூஹேயில் அமைந்துள்ள யேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் மருத்துவக் கல்வி அனுமதி குறித்து வரலாற்றுத் தீர்ப்பொன்றை வழங்கியது. இருக்கும் இடங்கள் முழுமையாகப் பயன்படுத்தப்பட வேண்டும், தெரிவு நீதியான அளவுகோல்களின்படி அமைய வேண்டும் என்று அது வலியுறுத்தியது. தொழிலையும் கல்விக்கூடத்தையும் சுதந்திரமாகத் தெரிவு செய்யும் உரிமையைக் கூறும் அடிப்படைச் சட்டத்தின் 12ஆம் பிரிவே அதற்கு ஆதாரம். 2017 டிசம்பர் 19 அன்று அதே நீதிமன்றம், மருத்துவ அனுமதி நடைமுறையின் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றும் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் வரவேற்பறைக்குள் வந்து தீர்ப்புச் சொல்லாது. ஆயினும் யேர்மன் குடியியல் சட்டத்தின் 1631அ பிரிவு, பிள்ளையின் கல்வி, தொழில் விடயங்களில் அதன் ஆற்றலையும் நாட்டத்தையும் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது.

"வேறு என்ன வழி இருக்கிறது?" என்போர் தாம் வாழும் நகரையே சுற்றிப் பார்க்கட்டும். 1825இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக்கூடம் இன்று கே.ஐ.ரி. ஆக வளர்ந்துள்ளது. இரட்டை முறை உயர்கல்விக்கூடத்தில் மாணவர் நிறுவனத்திலும் வகுப்பறையிலும் மாறி மாறிப் பயின்று, ஊதியமும் பெற்று, மூன்று ஆண்டுகளில் இளநிலைப் பட்டம் பெறலாம். அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சியை "படிக்காதவன் போகும் பாதை" என்று இகழ்வது அறியாமை. அதன் வழியே மைஸ்டர் தகுதி பெற்றவருக்குப் பல்கலைக்கழகக் கதவும் திறந்திருக்கிறது. யேர்மன் தகைமைச் சட்டகத்தில் மைஸ்டரும் இளநிலைப் பட்டமும் ஒரே ஆறாம் படியில் உள்ளன. தன் நாட்டம் எதுவெனத் தெரியாதவருக்குத் தன்னார்வ சமூக சேவை ஆண்டும் உண்டு.

தெரிவுரிமை என்பது சோம்பலுக்கான உரிமம் அன்று. மருத்துவம் வேண்டாம் என்னும் இளைஞர், எது வேண்டும் என்பதைத் தேடி அறிந்து, அதற்கான காரணத்தைப் பெற்றோர் முன் தமிழிலேயே எடுத்துரைக்கும் கடமை உடையவர். அதைப் பொறுமையோடு கேட்பது பெற்றோரின் கடமை.

கொழும்பு மூடிய கதவைக் கார்ல்ஸ்ரூஹே திறந்து வைத்திருக்கிறது. அதைப் பெற்றோரே உள்ளிருந்து பூட்டலாகாது.