லாரியில் ஆடுகள் படும் பாடு

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் அங்கே கால் வைக்க இடம் இராது. பாரதி பிறந்த ஊருக்கு ஆட்டினாலும் ஒரு பெயர் உண்டு!

வாங்கிய ஆடுகளை வியாபாரிகள் லாரியிலும் வேனிலும் ஏற்றி வெளியூர் கொண்டு போகிறார்கள். ஏற்றும்போது கொழுகொழு என்று இருந்த ஆடு, இறக்கும்போது வயிறு ஒட்டி நிற்கிறது. ஏன்?

பயம்தான் முதல் காரணம். காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டால் ஆடு மிரளும். முன்பின் பழகாத ஆடுகளோடு நெருக்கி அடைத்தால் கிடாய்கள் முட்டிக்கொள்ளும். மிரண்ட ஆட்டின் இரத்தத்தில் "கார்ட்டிசால்" என்ற சுரப்பு நீர் அதிகமாகிறது. லாரி வளைவில் திரும்பும்போதும், திடீரென்று பிரேக் போடும்போதும் விழாமல் நிற்கக் கால்கள் ஓயாமல் உழைக்கின்றன. தீனி இல்லை, தண்ணீரும் இல்லை. தசையில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுகிறது. அந்த ஆட்டை உடனே அறுத்தால் கறி கறுத்துப்போய் இருக்கும். சீக்கிரம் கெட்டும் போகும்.

வளர்க்க வாங்கிய ஆடு என்றால் இன்னொரு ஆபத்து. களைத்த உடம்பில் நுரையீரல் நோய் எளிதில் பற்றும். சில நாளில் ஆடு இருமிச் செத்தால், "கண் பட்டுவிட்டது" என்பார்கள். கண் அல்ல, லாரி!

சட்டம் இருக்கிறது

சென்னை கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் ராஜ்யசபை உறுப்பினர் ஆனார். பிராணிகளை வதைப்பதைத் தடுக்க அங்கே தனி மசோதா கொண்டு வந்தார். அதன் பலனாக 1960-ல் மத்திய சர்க்கார் சட்டம் செய்தது.

அதன் கீழ் 1978-ல் விதிகள் வந்தன. ஆட்டுக்குக் கால்நடை டாக்டரின் சான்று வேண்டும். தரையில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் போட வேண்டும். 5 டன் லாரியில் 40 ஆடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆனால் இவை 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான். எட்டயபுரத்திலிருந்து மதுரைக்கு அவ்வளவு நேரம் ஆகாதே! 2015-ல் மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. ஆடு ஒன்றுக்குச் சுமார் 3 சதுர அடி இடம் என்று அது சொல்கிறது.

பிறகு ஏன் நெருக்கி அடைக்கிறார்கள்? வாடகைதான். வண்டி வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். ஆடு கூடினால் தலைக்கு விழும் கூலி குறையும். அந்த லாபம் உடனே கண்ணில் படுகிறது. நஷ்டம் படுவதில்லை. 60 ஆடுகள் ஆளுக்கு 1 கிலோ இளைத்தால் 60 கிலோ போயிற்று! ஆனால் பல சந்தைகளில் ஆட்டைத் தராசில் நிறுப்பதே இல்லை. தூக்கிப் பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். போன எடையை யார் எழுதி வைப்பது?

பெரிய செலவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒரே மந்தை ஆடுகளைச் சேர்த்து ஏற்றலாம். தூக்கிப் போடாமல் சாய்வுப் பலகையில் நடத்தி ஏற்றலாம். வெயில் தாழ்ந்த பிறகு புறப்படலாம். ஓடும் லாரியில் காற்றாவது வரும். வெயிலில் நிற்கும் லாரி அடுப்புதான். சாப்பிட இறங்கும் டிரைவர் மர நிழலில் நிறுத்த வேண்டும். ஊர் சேர்ந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தழை. பசித்த வயிற்றுக்கு அன்றே தானியத்தை அள்ளி வைக்கக்கூடாது, வயிறு உப்பிவிடும்.